மறித்தும் நிற்காவிட்டால் சுடலாமா? பொலிஸ் துப்பாக்கிப் பிரயோகமும் நாம் கேட்கத் தவறும் கேள்வியும்

2016 ஒக்டோபர் 20. நள்ளிரவுக்குச் சற்று முன், கொக்குவில் குளப்பிட்டிச் சந்திக்கு அருகே காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். விபத்து என்றுதான் முதலில் செய்தி வந்தது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருப்பது தெரிந்த பிறகே உண்மை வெளியே வந்தது. அடுத்த நாளே ஐந்து பொலிஸார் கைதாகிப் பணி இடைநிறுத்தப்பட்டார்கள். விசாரணை குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடம் போனது. மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். 25ஆம் திகதி வடக்கு முழுவதும் ஹர்த்தால்.

பொலிஸ் தரப்பு சொன்ன விளக்கம் ஒரே வரிதான்: மறித்தபோது நிற்கவில்லை.

அன்றைக்குத் தேநீர்க் கடைகளிலும் மரண வீட்டிலும் நான் கேட்ட பேச்சு அந்த ஒரு வரியைச் சுற்றியே இருந்தது. மறித்தார்களா இல்லையா, விளக்கு இருந்ததா, பெடியள் வேகமாக வந்தார்களா என்றுதான் விவாதம் நடந்தது. கோபத்தோடு பேசியவர்கள்கூட, 'அவங்கள் நிண்டிருப்பாங்கள், மறிச்சிருக்கவே மாட்டாங்கள்' என்றுதான் வாதாடினார்கள். நிற்காமல் போயிருந்தால்தான் என்ன, அதற்குச் சுடலாமா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்வி எனக்கும் அன்று உடனே தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பது போருக்குள் வளர்ந்தவர்களுக்கு விளங்கும். காவலரணைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவது, வாகனத்தின் உள் விளக்கைப் போட்டு முகத்தைக் காட்டுவது, அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்திருப்பது எல்லாம் எங்களுக்குப் பழக்கம். நிற்காவிட்டால் வெடி விழும் என்பது அப்போது இயற்கை நியதிபோல இருந்தது. போர் முடிந்த பிறகும் அந்த நியதியை நாங்கள் மனதில் வைத்திருக்கிறோம். சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கைது செய்யும் முறையை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விபரிக்கிறது. அதன் 23ஆம் பிரிவின்படி, ஒருவர் கைதை எதிர்த்தால் அல்லது தப்ப முயன்றால், கைது செய்வதற்கு நியாயமாகத் தேவைப்படும் வழிகளைப் பொலிஸார் பயன்படுத்தலாம். அதே பிரிவு ஒரு எல்லையையும் போடுகிறது. மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணத்தை விளைவிக்கும் உரிமையை இந்தப் பிரிவு எவருக்கும் கொடுக்காது.

சைகை காட்டியும் வாகனத்தை நிறுத்தாமல் போவது குற்றம்தான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றுவதும் குற்றம்தான். ஆனால் இவை எதற்கும் இந்த நாட்டில் மரண தண்டனை கிடையாது. மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களிலும், விசாரணை முடிந்து தீர்ப்பு வந்த பிறகும், இலங்கை அரசு 1976க்குப் பிறகு எவரையும் தூக்கிலிடவில்லை.

இன்னொரு வழி தற்காப்பு. தண்டனைச் சட்டக்கோவை எல்லோருக்கும் தரும் தற்காப்புரிமை பொலிஸாருக்கும் உண்டு. தனக்கோ மற்றொருவருக்கோ உயிராபத்து அல்லது கடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் அந்த உரிமை உயிரைப் பறிப்பது வரை நீளலாம். ஆனால் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. முதுகு காட்டி ஓடுகிறவர், மோட்டார் சைக்கிளில் விலகிப் போகிறவர் அந்தக் கணத்தில் யாருடைய உயிருக்கு ஆபத்தாக இருந்தார் என்பதைச் சுட்டவர்தான் விளக்க வேண்டும்.

1990இல் ஹவானாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐக்கிய நாடுகளின் அடிப்படைக் கோட்பாடுகளும் இதையேதான் கேட்கின்றன. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் உயிர் போகும் வகையில் சுடலாம். சுடுமுன் தான் யார் என்று சொல்லித் தெளிவாக எச்சரிக்க வேண்டும். காயப்பட்டவருக்கு உடனே சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும். உறவினருக்கு அறிவிக்க வேண்டும்.

ஆகவே 'நிண்டவரா, நிக்கேல்லையா?' என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 'ஆருடைய உயிருக்கு ஆபத்து இருந்தது?' என்பதுதான்.

ஆட்களிடமுள்ள துவக்குக்கு ஒரு சட்டம், அரசின் துவக்குக்கு?

பொதுமக்களின் துவக்குகளைப் பற்றிய சட்டம் இலங்கையில் கடுமையானது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. பன்றியும் யானையும் பயிரை அழிக்கின்றன என்று துவக்குக் கேட்கும் வன்னி விவசாயி மாவட்டச் செயலகம் வரை அலைய வேண்டும். கிடைத்தாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டுத்துவக்கோடு பிடிபட்டவர் நீதிமன்றம் ஏறுகிறார். தானியங்கித் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

பொலிஸாரும் படையினரும் கடமைக்காக வைத்திருக்கும் ஆயுதங்களுக்கு இந்த அனுமதிப்பத்திர முறை பொருந்தாது. அது நியாயம். ஆனால் அந்த ஆயுதத்தை எப்போது தூக்கலாம், எப்போது சுடலாம், சுட்ட பின் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொல்லும் சட்டமும் இல்லை. மேலே சொன்ன சட்டக்கோவைகளிலும், திணைக்களக் கட்டளைகளிலும், சுற்றறிக்கைகளிலும் அது சிதறிக் கிடக்கிறது. பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865ஆம் ஆண்டுக்குரியது. போர்க்களத்துக்கென்று செய்யப்பட்ட ரி-56 போர்க்காலத்தில் பொலிஸாரின் கைக்கும் வந்தது. போர் முடிந்தும் போகவில்லை. வீதிச் சோதனைக்கும் ஆர்ப்பாட்டத்தைக் கலைப்பதற்கும் அந்தத் துவக்கு எதற்கு என்ற கேள்விக்கு எந்த அரசாங்கமும் நேராகப் பதில் சொன்னதில்லை.

தெற்கிலும் இதே கதை

இது தமிழருக்கு மட்டும் நடப்பது என்று நினைத்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். 2011 மே 30இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள் ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகப் போராடியபோது பொலிஸார் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது, பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார். 2012 பெப்ரவரியில் சிலாபத்தில் எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராகத் திரண்ட மீனவர்களில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். 2013 ஓகஸ்ட் முதலாம் திகதி வெலிவேரியவில் குடிநீர் கேட்டவர்கள் மீது இராணுவம் சுட்டது; மூவர் உயிரிழந்தார்கள். 2022 ஏப்ரல் 19இல் றம்புக்கனையில் எரிபொருள் விலைக்கு எதிரான போராட்டத்தில் பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். எரிபொருள் பவுசருக்குத் தீ வைக்க முயன்றார்கள் என்பது பொலிஸ் விளக்கம். சில நாட்களில், சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் உட்பட, தொடர்புடைய பொலிஸார் நீதிமன்ற உத்தரவின் பேரில் கைதானார்கள்.

வீதியில் மறிப்பதும் அப்படித்தான். 2017 யூலையில் வடமராட்சி கிழக்கு மணற்காட்டில் மணல் ஏற்றிய வாகனத்தின் மீது பொலிஸார் சுட்டதில் ஓர் இளைஞர் இறந்தார். 2024 ஜனவரி 18இல் நாரம்மலவில் லொறிச் சாரதி ஒருவரைச் சிவில் உடையில் நின்ற பொலிஸார் மறித்தார்கள். உதவிப் பொலிஸ் பரிசோதகரின் துப்பாக்கிச் சூட்டில் சாரதி இறந்தார். துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றார்கள். மணற்காட்டில் இறந்தவர் தமிழர், நாரம்மலவில் இறந்தவர் சிங்களவர். இரண்டிலும் காரணம் வாகனம் நிற்காமல் போனது என்பதே.

மூன்றாவது வகை, தடுப்புக் காவலில் இருப்பவர் சுடப்படுவது. ஆயுதத்தையோ போதைப்பொருளையோ காட்டக் கூட்டிப் போனோம், எங்கள் துவக்கைப் பறிக்க முயன்றார், சுட்டோம் என்ற விளக்கத்தை வாசகர்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். 2021 மே மாதம் சில நாள் இடைவெளியில் இருவர், 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனைக் கொலைச் சந்தேகநபர்கள் இருவர் என்று இந்தப் பட்டியல் நீள்கிறது. பாதாள உலகத்தவர் இறந்தால் கை தட்டுகிறவர்கள் தமிழ் முகநூலிலும் இருக்கிறார்கள். பிடித்தவரே தீர்ப்பும் வழங்கினால் என்ன நடக்கும் என்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. அந்தக் கைதட்டல்தான் எனக்கு அச்சத்தைத் தருகிறது.

பொலிஸாரின் உயிர்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2017 யூலையில் நல்லூரில் மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலராக இருந்த சிங்களப் பொலிஸ் உத்தியோகத்தர் சுடப்பட்டு இறந்தார். நீதிபதி அவருக்காகக் கண்ணீர் விட்டார், யாழ்ப்பாணமும் துக்கப்பட்டது. 2018 நவம்பர் 30இல் மட்டக்களப்பு வவுணதீவில் காவலில் இருந்த இரு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். அதற்காக முதலில் முன்னாள் போராளி ஒருவர் பிடிக்கப்பட்டார். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகுதான் அதைச் செய்தது அந்தக் குண்டுதாரிகளின் குழு என்று தெரிந்தது.

பொலிஸாரின் கடமை ஆபத்தானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த ஆபத்து உண்மையில் இருந்த இடத்தில் சட்டம் அவர்களைப் பாதுகாக்கவே செய்கிறது. அது இல்லாத இடத்தில் சுட்டதற்கும் அதே பாதுகாப்பைக் கேட்பதுதான் பிரச்சினை.

இப்படி ஒன்று நடந்தால் குடும்பம் என்ன செய்யலாம்?

முதலாவது, மரண விசாரணை. இயற்கையல்லாத மரணம் எதற்கும் விசாரணை நடக்க வேண்டும். காவலில் இருக்கும்போது நேர்ந்த மரணம் என்றால் நீதவானே நடத்த வேண்டும். 'அக்சிடன்ட்தான், கையெழுத்து வையுங்கோ, பொடியை எடுக்கலாம்' என்று அவசரப்படுத்தினால், சந்தேகம் இருப்பதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். குளப்பிட்டியில் உண்மையைக் காட்டியது அந்த மேசைதான். சந்தேகம் தீரும் வரை உடலை எரிக்க வேண்டாம்.

இரண்டாவது, உடைகளைத் துவைக்காதீர்கள், வாகனத்தைத் திருத்தாதீர்கள். அருகிலுள்ள கடைகளின் சிசிரிவி பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். அவற்றைப் பாதுகாக்க நீதவானிடம் சட்டத்தரணி ஊடாக உத்தரவு கேட்கலாம்.

மூன்றாவது, நாள் கணக்கு. உயிர்வாழும் உரிமை என்று எங்கள் அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆனால் தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவரும் மரண தண்டனைக்கு உட்படலாகாது என்று 13(4)ஆம் உறுப்புரை சொல்கிறது. பயாகலையில் பொலிஸ் சித்திரவதைக்குப் பின் இறந்த ஒருவரின் மனைவி தொடர்ந்த வழக்கில், இந்த உறுப்புரைக்குள் உயிர்வாழும் உரிமை அடங்கியிருக்கிறது என்றும், இறந்தவரின் உறவினர் வழக்காடலாம் என்றும் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு 2003இல் முழுமை பெற்றது.

ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முப்பத்தோராம் நாள் முடியும்போதே அந்த மாதம் கிட்டத்தட்டப் போய்விடும். எங்கள் குடும்பங்களில் பலர் வழக்கை இழப்பது இங்கேதான். ஒரு வழி இருக்கிறது: அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நான்காவது, சாட்சிகள். பார்த்தவர் பயப்படுவார். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் முதன்முதலாகச் சட்டம் வந்தது. 2023இல் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. பாதுகாப்பைக் கேட்பது உரிமை என்பதைச் சாட்சியிடம் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்தாலும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வது சட்டமா அதிபரின் கையில்தான் இருக்கிறது. அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும் அவரே, அரச உத்தியோகத்தருக்கு எதிராக வழக்குத் தொடுப்பவரும் அவரே. தனியான வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்ற கோரிக்கை அதனால்தான் நெடுநாளாக எழுகிறது. துப்பாக்கிப் பிரயோகம் பற்றிய ஒரு தெளிவான சட்டமும் அதோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியது.

குளப்பிட்டிச் சந்தியால் இப்போதும் இரவில் போய் வருகிறேன். வெளிச்சத்தில் பொலிஸார் நின்றால் கை தானாக வேகத்தைக் குறைக்கும். குறைக்கத்தான் வேண்டும், மறித்தால் நிற்பது சட்டம். நிற்காமல் போகிற ஒரு பெடியனுக்குத் தண்டப்பணச் சீட்டு வீட்டுக்கு வரலாம், நீதிமன்ற அழைப்பாணை வரலாம். அடுத்த முறை 'அவர் நிற்கவில்லை' என்று ஓர் ஊடகப் பேச்சாளர் சொல்லும்போது அந்த வரியோடு செய்தியை முடிக்காமல், யாருடைய உயிருக்கு ஆபத்து இருந்தது என்று கேட்க வேண்டியவர்களில் செய்தியாளர்களாகிய நாங்களும் இருக்கிறோம்.