காதுக்குக் கேட்காததை வெட்டினால் பேஸ் கூடுமா?

நாகல் நகர் வீட்டில் அப்பாவின் பழைய அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர் இன்னும் இருக்கிறது. முன்பக்கம் 'ரம்பிள்' என்று ஒரு சுவிட்ச். "அத எப்பவும் ஆன்லயே வைடா" என்பார் அப்பா. பேஸ் குறைஞ்சிடும்னு நான் ஆஃப் பண்ணி வைப்பேன்.

சில வருஷம் முன்னாடி நானே செய்த 8 இஞ்ச் ஊஃபர் பெட்டி, ஒரு படத்தின் வெடிச்சத்தத்தில் 'டக் டக்' என்று அடித்து, காயில் கருகிப் போனது. அப்புறம்தான் அந்த சுவிட்சின் கதையைத் தேடினேன்.

எல்பி தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. தட்டு ஒரு இடத்தில் நெளிந்திருந்தால் ஊசி சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அதாவது 0.55 ஹெர்ட்ஸ். நம் காது கேட்பதோ சுமார் 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு அது தெரியாதே! அதையும் பெருக்கி அனுப்பும். பாட்டுக்கு ஆகவேண்டிய பவர், கோனைச் சும்மா முன்னும் பின்னும் ஆட்டுவதில் போகும். இதைத் தடுக்கத்தான் ரம்பிள் ஃபில்டர், இன்னொரு பெயரில் சப்சானிக் ஃபில்டர். 1976இல் ஐஇசி அமைப்பும் ரெக்கார்டு கேட்கும் தரத்திலேயே 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் குறைக்கும் திருத்தத்தைச் சேர்த்தது.

சரி, தட்டுதான் போயாச்சே, ஃபில்டர் எதுக்கு? பதில் பெட்டியின் ஓட்டையில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930இல் போர்ட் வைத்த பெட்டிக்குக் காப்புரிமை கேட்டார். டியூன் செய்த அதிர்வெண்ணில் போர்ட்டில் உள்ள காற்றே ஒலி தரும். கோன் அதிகம் அசையாது. அதற்குக் கீழே போனால் காற்று ஓட்டை வழியே சும்மா போய்வரும், கோனுக்குப் பிடிமானம் இல்லை. என் ஊஃபர் செத்தது இப்படித்தான். மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி இழுத்துப் பிடிக்கும், அதனால் ஆபத்து குறைவு.

1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் இதற்குக் கணக்கு எழுதினார். அவருடைய சில வடிவமைப்புகளில் பெட்டியும் ஃபில்டரும் சேர்ந்து ஒரே அமைப்பு. டியூனிங் பக்கத்தில் ஃபில்டர் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அதற்குக் கீழே வெட்டும். ஆக, ஃபில்டர் வெறும் காவல்காரன் இல்லை; பேஸைக் கட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

இப்போது என் புதுப் பெட்டி 35 ஹெர்ட்ஸ் டியூனிங், ஃபில்டர் 30இல். அதே ஆம்ப்ளிஃபயர்தான். முன்பு 'டக் டக்' அடித்த வால்யூமைத் தாண்டியும் தவில் சுத்தமாக விழுகிறது. போர்ட் பெட்டி செய்கிறவர்கள் ஊஃபரை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்.

அப்பாவின் சுவிட்சையும் ஆன் செய்துவிட்டேன். முப்பது வருஷம் லேட்.