வீடு தேடி வந்த தாதி: ஒரு வரலாற்று நோக்கு

தாதியர் சேவையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் போர்க்களத்து வைத்தியசாலையிலிருந்தே தொடங்குவர். கிறைமியப் போரின்போது, 1854 நவம்பரில் ஸ்கூற்றாரி வந்து சேர்ந்த புளோறன்ஸ் நைற்றிங்கேல், இரவில் விளக்கேந்தி நோயாளரிடையே நடந்த கதையைச் சிறு வயதிலேயே நாம் கேட்டிருக்கின்றோம். ஆனால் அவ்வம்மையார் போர்க்களப் பணியிற் கழித்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே. அதன்பின் 1910இல் தமது தொண்ணூறாவது வயதில் மறையும் வரை அவர் வாழ்ந்த அரை நூற்றாண்டில், நீண்ட காலத்தை அவர் நோயாளியாகவே கழித்தார். நீடித்த நோவோடு வீட்டிலே வாழ்பவருக்கு எத்தகைய உதவிகள் வேண்டும், அவை யாருக்குக் கிட்டின, யாருக்குக் கிட்டாமற் போயின என்னும் வினாக்களுக்கு அவரது படுக்கையறையிலிருந்து விடை தேடத் தொடங்கலாம்.

1855 மே மாதத்தில் பலக்லாவாவுக்குச் சென்றிருந்தபோது அவரைக் கடுங்காய்ச்சல் பற்றியது. சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். நாடு திரும்பிய மறு ஆண்டு, 1857 ஓகஸ்ட் மாதத்தில், மீண்டும் நோயில் வீழ்ந்தார். 1861இன் இறுதியில் நடக்கவே இயலாத நிலை வந்தது. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முதுகந்தண்டு நோவு அவரைப் படுக்கையோடு பிணித்து வைத்திருந்தது. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. அந்நோய் இன்னதென்று அக்கால வைத்தியர்களால் துணிந்து கூற முடியவில்லை. பின்வந்த வாழ்க்கை வரலாற்றாசிரியர் சிலரோ, உறவினரையும் விருந்தினரையும் தூரத்தில் வைப்பதற்கு அவர் கைக்கொண்ட உபாயமே அது என்னும் கருத்துப்பட எழுதினர். 1995இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையொன்று, அவரது குணங்குறிகள் நாட்பட்ட புரூசெல்லா நோய்க்குப் பொருந்துவதை எடுத்துக்காட்டியது. அந்நோயின் கிருமி 1887இல் மோல்ற்றாத் தீவிலே அடையாளங் காணப்பட்டது. காய்ச்சாத ஆட்டுப்பால் மூலம் அது பரவுவது தெளிவானது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். காயத்தைப் பிறர் காணலாம். நோவுக்கோ நோயாளியின் சொல்லைத் தவிர வேறு சாட்சியில்லை. அச்சொல்லை ஐயுறுவது அன்றும் எளிதாயிருந்தது, இன்றும் எளிதாயிருக்கின்றது.

எனினும் நைற்றிங்கேல் வசதி படைத்த குடும்பத்தவர். தந்தையார் ஆண்டுதோறும் பணம் அளித்தார். 1865இல் இலண்டனின் சவுத் வீதியில் அவருக்கென ஒரு வீடும் ஏற்படுத்தப்பட்டது. வைத்தியர்கள் வீட்டுக்கே வந்தனர். சமைக்கவும் துவைக்கவும் கணப்படுப்பு மூட்டவும் பணியாட்கள் இருந்தனர். தோலின் கீழ் அபினை ஊசிமூலம் செலுத்தும் முறை அப்போது புதியது. 1866இல் அதனைப் பெற்ற அவர், ஒரு நாள் அளவுக்கு நோ தணிகின்றதாயினும் புத்தியின் தெளிவுக்கு அதனால் நன்மையில்லை என்னும் பொருள்பட எழுதியுள்ளார்.

இவையெல்லாம் இருந்தும், அவர் பெரிதும் சார்ந்திருந்தது மாய் என அழைக்கப்பட்ட தம் அத்தையாரையே. கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வந்து, நோயாளிக்குத் துணையாகவும் எழுத்து வேலைகளுக்கு உதவியாகவும் இருந்த அப்பெண்மணி, 1860இல் தம் குடும்பத்திடம் திரும்பினார். அதனை நைற்றிங்கேல் துரோகமாகவே கருதினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருவருக்குமிடையே உறவு அற்றுப்போயிருந்தது. இவ்விடயத்தில் நைற்றிங்கேலின் பக்கம் நின்று பேச என்னால் இயலவில்லை. ஆயினும் பிறர் கையையே நம்பிப் படுத்திருப்பவருக்கு, அக்கை விலகும்போது உண்டாகும் அச்சம் எத்தகையது என்பதை நோயற்றவர் முற்றாக உணர்வதும் அரிது.

1859இல் வெளிவந்த அவரது தாதிமைக் குறிப்புகள் என்ற நூல் இந்த அனுபவத்தின் சாயலைக் கொண்டது. கதவுக்கு வெளியே நின்று குசுகுசுப்பது, ஆடை சரசரக்க அறைக்குள் நடமாடுவது, கட்டிலில் மோதுவது ஆகியவை நோயாளியை எவ்வளவு வருத்தும் என்பதை அது விரிவாகப் பேசுகின்றது. பார்க்க வருவோர் வழங்கும் வெற்று ஆறுதலுக்கும் ஆலோசனைக்கும் அதில் ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த எண்ணெயைப் பூசிப் பார், அந்தப் பரியாரியாரிடம் போய்ப் பார் என்று ஆளுக்கொன்று கூறிச் செல்லும் எம்மூர் வழக்கத்தை அறிந்தவர்க்கு அவ்வத்தியாயம் அந்நியமாகத் தோன்றாது.

அதே 1859இல், லிவர்பூல் நகரத்து வணிகரான வில்லியம் றத்போன் என்பவரின் மனைவி காலமானார். இறுதி நாட்களில் அவரைப் பராமரிப்பதற்கு மேரி றொபின்சன் என்னும் தாதி அமர்த்தப்பட்டிருந்தார். செல்வம் நிறைந்த தம் வீட்டிலேயே ஒரு தாதியின் உதவி இவ்வளவு ஆறுதல் தந்ததென்றால், ஏதுமற்ற வீட்டில் நோவோடு கிடப்பவர் நிலை என்னவென்று றத்போன் சிந்தித்தார். நகரத்து ஏழைகளை அவரவர் வீட்டிலேயே சென்று பராமரிக்குமாறு, மூன்று மாதத்துக்கு அதே தாதியை அவர் வேதனத்துக்கு அமர்த்தினார்.

ஒரு மாதம் கழிந்ததும் மேரி றொபின்சன் கண்ணீரோடு திரும்பி வந்து, தம்மை இப்பணியிலிருந்து விடுவிக்குமாறு வேண்டினார். நோயைக் கண்டு அஞ்சியவரல்லர் அவர். வீடுகளிற் கண்ட வறுமையும் அவலமுமே அவரால் தாங்க இயலாதனவாயிருந்தன. றத்போன் அவரைத் தேற்றி, எஞ்சிய காலத்தையும் நிறைவு செய்யுமாறு கேட்டுக்கொண்டார். மூன்று மாத முடிவில் இப்பணியைத் தொடர்ந்து செய்ய விரும்புவதாக அவரே கூறினார். மாவட்டத் தாதியர் சேவையின் தோற்றம் பற்றிப் பேசும்போது றத்போனின் பெயரே முன்னிற்கின்றது. எனக்கோ, அழுதுகொண்டு வந்தும் திரும்பிச் சென்ற அப்பெண்ணின் பெயரே முதலில் வரவேண்டுமெனத் தோன்றுகின்றது.

பயிற்சி பெற்ற தாதியர் போதியளவு இல்லாமையால் றத்போன் நைற்றிங்கேலிடம் ஆலோசனை கேட்டார். லிவர்பூலிலேயே பயிற்றுவிக்கலாம் என்பது படுக்கையிலிருந்தவாறே அவர் அனுப்பிய பதில். 1862இல் அங்கு பயிற்சிப் பாடசாலை உருவாயிற்று. சில ஆண்டுகளுக்குள் நகரம் 18 வட்டாரங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாதியும் ஒரு மேற்பார்வைச் சீமாட்டியும் நியமிக்கப்பட்டனர். தாதி நோயாளியைக் கவனிக்க, சீமாட்டி உணவும் போர்வையும் வழங்கினார். இதனால் தாதியைத் தானம் வழங்க வருபவராகவே சனங்கள் எதிர்பார்க்கும் நிலை உண்டாயிற்று. 1874இல் இலண்டனில் தொடங்கப்பட்ட சங்கத்தின் தலைமைத் தாதியான புளோறன்ஸ் லீஸ் இதனை ஏற்கவில்லை. தாதியின் தொழில் தாதிமையே என்பது அவர் நிலைப்பாடு. விக்ரோறியா மகாராணியின் பொன்விழாவின்போது, 1887இல், பெண்கள் திரட்டிய நிதியிலிருந்து 70,000 பவுண் இச்சேவைக்கு ஒதுக்கப்பட, அது நாடளாவிய நிறுவனமாயிற்று.

தாதியின் தொழிலுக்கு எல்லை வகுக்கப்பட்டபோது, வீட்டு வேலை எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுத் தாதி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அடுப்பு மூட்டுவதும், துணி துவைப்பதும், கடைக்குப் போவதும் அப்படியே கிடக்கும். நோயாளியை முதலில் வீழ்த்துவன இவைதாம். பிரித்தானியாவின் 1946ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார சேவைச் சட்டத்திலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகின்றது. வீட்டுத் தாதியரை வழங்குவது உள்ளூர் அதிகார சபைகளின் கடமையாக விதிக்கப்பட்டது. வீட்டு வேலைக்கு உதவியாளரை வழங்குவதோ அவற்றின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இரண்டாவதையும் கடமையாக்கும் சட்டம் 1968இலேயே நிறைவேறியது.

இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன்பின் வளர்ந்த அமைப்பின் கீழ் மருத்துவிச்சிமார் வீடு வீடாகச் சென்றனர். தாய் சேய் மரண வீதம் குறைந்ததில் அவர்தம் பங்கு பெரிது. கர்ப்பிணித் தாயையும் கைக்குழந்தையையும் தேடி வந்த அந்தச் சேவை, நோவோடு படுத்திருந்த முதியோரை நோக்கி அமைக்கப்பட்டதன்று. அவர்கள் மகளுக்கோ மருமகளுக்கோ உரிய பொறுப்பாகவே விடப்பட்டனர்.

மூட்டுவாதத்தால் என் அம்மம்மா பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். வைத்தியர் எமது வீட்டுக்கு வந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். தவறாது வந்தவர் பக்கத்து வீட்டு மாமி ஒருவரே. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்து, அம்மாவுக்கு உதவியாகக் குடத்தில் தண்ணீரும் நிரப்பி வைத்துவிட்டே அவர் போவார்.