பிரெஞ்சியர் கண்ட அழகுக் கலைகள்

தமிழிலே நுண்கலை என்றும் கவின்கலை என்றும் வழங்கும் இரு சொற்களுள், பிரெஞ்சு மொழியின் ‘போசார்’ என்னும் தொடருக்கு நெருங்கியது பின்னதேயாகும். ‘அழகிய கலைகள்’ என்பதே அத்தொடரின் நேர்ப்பொருள். பொருள் எளிது, அது சென்ற வழிதான் விந்தையானது.

1648ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்து ஓவியரும் சிற்பியரும் சிலர், கைவினைஞர் சங்கத்தின் பிடியினின்றும் விடுபட்டு, அரசனின் ஆதரவிலே தனிக்கழகமொன்றை நிறுவினர். தாம் வெறுங் கைத்தொழிலாளரல்லர், அறிவினாற் படைப்பவர் என்பதே அவர்தம் வழக்கு. ஏறக்குறைய நூறாண்டுகளின் பின், 1746இல், சார்ல் பத்தே என்னும் பாதிரியார் கலைகளை மூன்றாக வகுத்து ஒரு நூல் வெளியிட்டார். தேவைக்காகப் பிறந்தவை கைத்தொழில்கள். இன்பத்துக்காகப் பிறந்தவை இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் என்னும் அழகிய கலைகள். கட்டடக் கலைக்கோ இவ்வைந்தினுள் இடம் கிடைக்கவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கத்தானே வீடு? ஆகவே அதனைச் சொல்வன்மையோடு சேர்த்து, பயனும் இன்பமுங் கலந்த வகுப்பிலே நிறுத்திவிட்டார். ஐந்தே ஆண்டுகளில் தலம்பேர் என்னும் அறிஞர், புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் முன்னுரையிலே, அதனையும் அழகிய கலைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டார்.

புரட்சியரசு 1793இல் பழைய கழகங்களைக் கலைத்தது. ஆயினும் 1819இல் ஓவியம், சிற்பம், கட்டடம் மூன்றையுங் கற்பிக்கும் அரச பள்ளியொன்று ‘போசார்’ என்னும் பெயரையே தாங்கி எழுந்தது. கருத்தின் பெயர் பள்ளியின் பெயராயிற்று. அதன் வாயிலோ எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சிற்பி ரொடான், நுழைவுத் தேர்விலே மும்முறை தோற்றார். பெண்களுக்கு 1897 வரை அனுமதியே இல்லை. எலேன் பெர்த்தோ என்னும் சிற்பி நெடுநாள் வாதாடிய பின்னரே அக்கதவு திறந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து காத்திருந்த ஜூலியா மோர்கன், 1902இல் அங்கே கட்டடக் கலைச் சான்றிதழ் பெற்ற முதற் பெண்ணானார்.

1846இல் அப்பள்ளியிற் சேர்ந்த றிச்சட் மொறிஸ் ஹண்ட் முதலாக, அமெரிக்கர் பலர் அங்கே பயின்று மீண்டனர். 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ பொருட்காட்சியின் வெண்மாளிகைகளுக்குப் பின்னர், உயர்ந்த தூண்களும் குவிமாடங்களுமுடைய புகையிரத நிலையங்களும் நூலகங்களும் அந்நாடெங்கும் எழுந்தன. அவற்றின் கட்டடப் பாணிக்கே அமெரிக்கர் ‘போசார்’ என்று பெயரிட்டனர். பத்தே தமது ஐந்தினுள் சேர்க்காத கலை, கடல் கடந்தபின் அப்பெயரைத் தனக்கே உரிமையாக்கிக் கொண்டது!

பாரிசிலோ, 1968ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சியை அடுத்துக் கட்டடக் கலை அப்பள்ளியினின்றும் பிரிக்கப்பட்டு, வேறு கல்விக்கூடங்களுக்குச் சென்றது.