வறட்சி தாங்கும் வீட்டுத் தோட்டச் செடிகள்

வேர் ஊன்றிய பின் குறைந்த நீரிலேயே தழைக்கும் தாவரங்கள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுவதால், கோடையைத் தாங்கும் திறனே இங்கு வீட்டுத் தோட்டத்துக்குச் செடி தேர்வதில் முதன்மையான அளவுகோல்.

தாங்கும் விதம்: சோற்றுக்கற்றாழை சதைப்பற்றுள்ள மடலிலும், பிரண்டை நாற்கோணத் தண்டிலும் நீரைச் சேமிக்கின்றன. இவற்றின் இலைத்துளைகள் பெரும்பாலும் இரவில் திறப்பதால் பகல் வெயிலில் நீரிழப்பு குறைகிறது. முருங்கை கிழங்கு போன்ற வேரில் நீரைத் தேக்கி, கடும் வறட்சியில் இலையுதிர்க்கும். அரளியின் இலைத்துளைகள் இலையின் அடிப்புறத்தில் மயிரடர்ந்த குழிகளுக்குள் ஒளிந்திருக்கும்.

தேர்வு: சமையலுக்கு முருங்கை, பிரண்டை, கற்பூரவல்லி, பூவுக்கு நித்தியகல்யாணி, காகிதப்பூ. அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. குழந்தைகளும் ஆடு மாடுகளும் உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டும். நித்தியகல்யாணியும் உண்ணத்தக்கதன்று.

நடவு: வடகிழக்குப் பருவமழைத் தொடக்கத்தில் நட்டால் கோடைக்குள் வேர் ஆழம் போகும். முதல் ஆண்டு தவறாமல் நீர் ஊற்ற வேண்டும். பிறகு அடிக்கடி தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு வேர்வரை நனைப்பதே நன்று. சருகு மூடாக்கு மண்ணின் ஈரத்தைக் காக்கும். கற்றாழையின் அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.