மலையேறிய நூற்கண்டு

தக்கலையில் கம்பளிக்கு வேலையில்லை. வேளிமலை கண்ணெதிரே நிற்கிறது. பேச்சிப்பாறைக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலம் படர்ந்து கிடக்கிறது. ஆயினும் ஆனி ஆடிச் சாரலில்கூட நமக்கு ஒரு கைத்தறித் துவர்த்து போதும். இரணியலிலும் வடசேரியிலும் தறியோசை ஓங்கிக் கேட்ட நாள்களில் அங்கே நெய்யப்பட்டது பருத்தியே. மலையடிவாரத்தில் வாழ்ந்தும் கம்பளியின் கனத்தைத் தோளில் அறியாதவர் நாம்.

எனினும் நம் ஊரின் பெயரை வெளியுலகம் அறியச் செய்த ஒருவர் கம்பளியின் பெயரைத் தாங்கியவர். பதினேழாம் நூற்றாண்டினரான பீர் முகம்மது அப்பா ஒரு சூஃபி ஞானி. 'சூஃப்' என்னும் அரபுச் சொல்லுக்கு ஆட்டு மயிர் என்பது பொருள். முரட்டுக் கம்பளி உடுத்த துறவியரிடமிருந்தே சூஃபி என்னும் பெயர் பிறந்தது என்பர் அறிஞர் பலர். அப்பாவோ தறி நெய்து பிழைத்தவர். தென்காசியில் பிறந்து, மலைகளில் தவமிருந்து, பின்னர்த் தக்கலைக்கு வந்து சேர்ந்தார் என்பது மரபு. கேரளத்துப் பீர்மேடு அவர் பெயரால் வழங்குகிறது என்றும் சொல்வர். ரஜப் மாதத்தில் ஓரிரவு முழுதும் அவருடைய ஞானப்புகழ்ச்சி இங்கே பாடப்படுவதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். சமவெளித் தறியும் மலைத் தவமும் கம்பளியின் பெயரும் இம்மனிதரிடம் ஒன்றுகூடி நிற்பதை எண்ணும்போதெல்லாம், நீலகிரியில் நாம் கண்ட ஒரு போர்வை நினைவுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பங்கு மக்கள் சிலரோடு உதகைக்குச் சென்றிருந்தோம். சாலையோரத்தில் தோடர் இனப் பெண் ஒருவர் போர்வைகளை விரித்து வைத்திருந்தார். பழுப்பேறிய வெண்துணி, அதில் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூலில் பூவேலை. எல்லாரும் விலை கேட்டுக்கொண்டிருக்க, நம்முடன் வந்த மூதாட்டி ஒருவர், இளமையில் ரேந்தை தைத்து வாழ்ந்தவர், போர்வையின் ஓரத்தைப் பற்றிச் சட்டென்று மறுபுறம் திருப்பினார். தையல் அறிந்தவர் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தானே! "இதுல நல்ல பக்கம் எதுவாக்கும் மக்களே?" என்று கேட்டார். நாம் பின்பக்கம் என்று எண்ணிய முரட்டுப் பக்கத்தைத் தடவிக் காட்டி, "இதுதான் பாட்டி எங்களுக்கு நல்ல பக்கம்" என்றார் அப்பெண்.

அந்த மறுமொழி நம்மை விடவில்லை. ஊர் திரும்பிய பின் அப்போர்வையைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தோம். படிக்கப் படிக்க, நாம் எல்லாவற்றையும் தலைகீழாகவே எண்ணியிருந்தோம் என்பது தெரிந்தது.

மலைவாசிகளின் கம்பளிக் கைவேலை என்றதும், அவர்கள் ஆடு வளர்த்து, மயிர் கத்தரித்து, தறியிலிட்டு நெய்கிறார்கள் என்றே நாம் கருதுவோம். இமயத்தில் அது உண்மை. குமாவோன், கர்வால் மலைகளின் போட்டியா இனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பளி நெய்தவர்கள். தென்னாட்டிலோ செய்தி வேறு. இங்கே கம்பளி நெய்தவர்கள் வறண்ட சமவெளியின் ஆயர்கள்: தமிழகத்துக் குறும்பரும் கன்னட நாட்டுக் குருபரும். கறுப்பு ஆட்டின் மயிரைத் திரித்து, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஏற்றி அவர்கள் நெய்த கம்பளி மழையையும் வெயிலையும் தாங்கியது. நீலகிரிக் காடுகளிலும் குறும்பர் என்ற பெயரில் ஓர் இனம் உண்டு, அவர்கள் தேனெடுப்பவர்கள்.

தோடரிடம் ஆடு கிடையாது. எருமையே அவர்கள் செல்வம். எருமைப் பால்மனையே அவர்கள் கோவில். தறியும் கிடையாது. 'பூத்துக்குளி' என்று அவர்கள் அழைக்கும் அப்போர்வையின் துணி சமவெளி நெசவாளர் நெய்த பருத்தி. பூவேலைக்கான கம்பளி நூலும் வெளியிலிருந்து வருவதே. அவர்களுக்கே உரியது ஒன்றுதான்: ஊசி பிடித்த கை. அக்கைக்கு வரைபடம் இல்லை, சட்டம் இல்லை. பெண்கள் துணியை மடியில் இட்டு, பாவு நூலையும் ஊடு நூலையும் விரலால் எண்ணி எண்ணி, எண்ணிக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு எருமைக் கொம்பையும் மலை முகட்டையும் எழுப்புகிறார்கள். ஆங்காங்கே நூலை இறுக்காமல் சிறு கண்ணியாக விட்டுவிடுவதால் ஒரு பக்கம் புடைத்து நிற்கிறது. மூதாட்டியிடம் காட்டப்பட்ட 'நல்ல பக்கம்' அதுவே. நூல் எண்ணத்தக்கவாறு நெய்யப்படாத துணியில் இவ்வேலை நடவாது. ஆகவே மலையில் ஊசி பிடிப்பவள், தான் கண்டிராத ஒரு சமவெளி நெசவாளனின் கையை நம்பியே தன் முதல் தையலைப் போடுகிறாள்.

பழைய நீலகிரியில் வாழ்க்கை முழுவதுமே இவ்வாறு இருந்தது. தோடர் பாலும் நெய்யும் தந்தனர். படகர் தானியம் தந்தனர். கோத்தர் மட்பாண்டமும் இரும்புக் கருவியும் தந்து, சாவு வீட்டில் இசையும் முழக்கினர். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொணர்ந்தனர். எவரும் எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ளவில்லை. இதைப் பொற்காலம் என்று நாம் சொல்ல மாட்டோம். அச்சமும் ஏற்றத்தாழ்வும் அங்கேயும் இருந்தன.

இம்மலைக்குள் திருச்சபை முதன்முதல் நுழைந்த கதை நம் மக்கள் பலர் அறியாதது. உதயம்பேரூர்ச் சங்கம் 1599-இல் நடந்தது. 1601-இல் இயேசு சபையைச் சார்ந்த பிரான்சிஸ் ரோஸ் அங்கமாலி ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். தோமா கிறிஸ்தவர்களின் ஆயர் அவர். தக்கலை மறைமாவட்டத்துச் சீரோ மலபார் மக்கள் தங்கள் முன்னோரின் ஆயர் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். பண்டைக் காலத்தில் மலையேறிச் சென்று மறைந்துபோன கிறிஸ்தவர்கள் 'தோடமலை' என்னுமிடத்தில் வாழ்கிறார்கள் என்ற வதந்தி அவர் காதுக்கு எட்டியது. முதலில் அனுப்பப்பட்டவர்கள் கொணர்ந்த செய்தி நிறைவளிக்காமையால், 1603-இல் கோழிக்கோட்டில் பணியாற்றிய இத்தாலியரான இயேசு சபைக் குரு ஜாக்கோமோ பெனீசியோ மன்னார்க்காடு வழியே மலையேறினார். காணாமற்போன ஆட்டைத் தேடி, ஆடே இல்லாத மலைக்கு ஓர் ஆயர் ஆளனுப்பினார் என்று சொல்லிப் புன்னகைக்கலாம். ஆனால் அந்நாளில் அவ்வழி எத்துணைக் கொடியது என்பதை மலைக்காடு அறிந்தவர் உணர்வர்.

பெனீசியோ படகரையும் தோடரையும் கண்டார். தோடரின் பால்மனைக் குருவோடு உரையாடினார், மறையுரை ஆற்றினார், அவர்களிடம் கிறிஸ்தவத்தின் சுவடு ஏதுமில்லை என்று தெளிந்தார். தோடப் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிகளும் நூற்கண்டுகளும் அன்பளிப்பாகக் கொடுத்தார். அவர்கள் மிக மகிழ்ந்தார்கள். பின்னர் மலையிறங்கினார். தோடர் மிகச் சிலர், சிதறி வாழ்வோர், வழியோ கடினம். இப்போதைக்கு அங்கே மறைப்பணி தொடங்க வேண்டா என்பது அவருடைய கருத்து. அவருடைய போர்த்துக்கீசிய அறிக்கை பிரித்தானிய அருங்காட்சியகத்தின் கையெழுத்துப் படிகளிடையே கிடந்தது. ரிவர்ஸ் என்னும் ஆய்வாளர் 1902-இல் தோடரிடையே தங்கி ஆராய்ந்து, 1906-இல் வெளியிட்ட நூலில் அதன் மொழிபெயர்ப்பைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார்.

நூற்கண்டு! இச்சொல்லைக் கண்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பூவேலை செய்யும் கைகள் என்று கண்டறிந்து கொடுத்தாரா, அல்லது கோழிக்கோட்டுக் கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்தது என்று சுமந்து சென்றாரா? எவ்வாறாயினும், பெனீசியோ அம்மலைக்குக் கொண்டு சென்றவற்றுள் அம்மக்கள் உடனே புரிந்துகொண்டது அந்நூல் ஒன்றைத்தான் என்பது நம் கருத்து.

அவரைக் குறைகூற நமக்கு உரிமை அதிகமில்லை. குருக்கள் சிலரே இருந்தனர். கடற்கரையெங்கும் பணி குவிந்து கிடந்தது. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. தேடிப் போனது நம் இனத்தாரை. அவர்கள் அங்கே இல்லை என்றதும் அங்கே இருந்தவர்கள் நம் கண்ணுக்கு மறைந்துபோனார்கள். 'இப்போதைக்கு வேண்டா' என்ற சொல் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறிய பின்னரே வெள்ளையர் குடியேற்றம் தொடங்கிற்று. பாதிரிமாரும் அதன் பின்னே வந்தார்கள். தோடரிடையே நெடுங்காலம் தங்கி உழைத்த பெருமையோ கேத்தரின் லிங் என்னும் ஆங்கிலிக்கன் சபைப் பெண்மணியைச் சாரும். உதகை மறைமாவட்டம் 1955-இல்தான் உருவாயிற்று.

இதற்கிடையே மேய்ச்சல் நிலம் தேயிலையாகவும் சீகை மரக் காடாகவும் மாறியது. எருமை குறைந்தது, பண்டமாற்று முறிந்தது. ரிவர்ஸ் சென்ற காலத்தில் தோடர் ஆயிரம் பேருக்கும் குறைவு. இன்றும் ஏறக்குறைய இரண்டாயிரமே. கோத்தரிடமிருந்து பாண்டம் வருவது நின்றது, கடை வந்தது. இமயத்துப் போட்டியாக்களுக்கு நேர்ந்ததும் ஒருவகையில் இதுவே. 1962-இல் எல்லைப் போர் மூண்டு திபெத்துக் கணவாய்கள் அடைபட்டதும் அவர்கள் தறிக்கு வந்துகொண்டிருந்த கம்பளி நின்றுபோயிற்று. மலைத்தொழில் அழிந்தது என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் முதலில் அறுபடுவது மலைக்கும் வெளிக்கும் இடையே ஓடிய நூல்.

பூத்துக்குளி மட்டும் பிழைத்தது. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கம்பளி நூலோடு செயற்கை நூலும் இன்று கலந்துவிட்டது என்பதைக் குறையாகச் சொல்வார் உளர். நூல் என்றுமே வெளியிலிருந்து வந்ததுதான் என்பதை அவர்கள் நினைக்க வேண்டும். மெய்யான இடர் வேறு. பொறியில் தைத்த போலிகள் அதே சிவப்பு கறுப்போடு அருகிலேயே விற்கப்படும்போது, எண்ணித் தைத்த நாள்களுக்கு விலை கிடைப்பதில்லை.

பருத்தித் துணியில் கம்பளி நூல் என்பது விவிலியம் பயின்றவரைச் சற்றே நிறுத்தும். இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம், ஆட்டு மயிரும் சணல் நூலும் கலந்த ஆடையை இஸ்ரயேலருக்கு விலக்குகிறது. ஆனால் விடுதலைப் பயண நூல் 28-ஆம் அதிகாரம் கூறும் தலைமைக் குருவின் உடையில் மெல்லிய சணலும் வண்ண நூல்களும் கலந்தே வருகின்றன. அவ்வண்ண நூல்கள் கம்பளி என்பதே அறிஞர் கருத்து. அக்கலப்பு குருக்களுக்கே ஒதுக்கப்பட்டமையால்தான் மற்றவர்க்கு விலக்கப்பட்டது என்று யோசேபுஸ் என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதினார். நம் திருச்சபையிலும் பேராயர்கள் தோளில் அணியும் 'பாலியம்' வெண்கம்பளிதான். ஜனவரி 21, புனித ஆக்னஸ் திருநாளில் உரோமையில் ஆட்டுக்குட்டிகள் மந்திரிக்கப்படுகின்றன; அம்மயிரைக் கொண்டு கன்னியர் நெய்ய, கறுப்புச் சிலுவைகள் பொறிக்கப்படுகின்றன. வெள்ளையில் கறுப்பு வேலை என்ற அளவில் அதுவும் பூத்துக்குளிக்கு அயலானதன்று.

தோடர் இப்போர்வையை விழாவில் போர்த்துகிறார்கள்; இறந்தோரையும் இதில் சுற்றியே எரிக்கிறார்கள். சாவு வீட்டில் உறவினர் துணி கொடுக்கும் சடங்கு ஒன்றை ரிவர்ஸ் விரிவாக விளக்குகிறார். நாஞ்சில் நாட்டில் பிணத்தின்மேல் கோடி போடுவதைக் கண்டவர்களுக்கு அவ்விளக்கம் தேவையில்லை.

முன்னே கூறிய மூதாட்டிக்கு வருவோம். அவர் ஊசி கற்ற வழியும் ஒரு மறைப்பணி வரலாறே. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து மேரி லூயிஸ் தெ மேஸ்டர் என்னும் கன்னியர் தக்கலைக்கு அருகே முளகுமூட்டுக்கு வந்தார். அநாதைச் சிறுமியரும் ஏழைப் பெண்களும் அவர் சபையின் அரவணைப்பில் ரேந்தையும் பூத்தையலும் கற்றார்கள். அதற்கு முன்பே, 1820-களில், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் சீர்திருத்தச் சபை மறைப்பணியாளர் ரேந்தைத் தொழிலைத் தொடங்கியிருந்தார். இப்பெண்கள் நூலைக் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை, தங்கினார்கள். தங்கினமையால் கூலிக் கணக்கும் சந்தையும் அவற்றோடு வரும் மனக்கசப்பும் எழுந்தன. ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போன ரேந்தைக்கு இங்கே தைத்தவள் பெற்றது கொஞ்சமே. ஆயினும் தன் பெயரில் கூலி வாங்கிய பெண் என்றொருத்தி அவ்வூசியால்தான் பல குடும்பங்களில் உண்டானாள்.

உதகைச் சாலையோரத்தில் நம்மவர்கள் விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தார்கள்; நாமும் வாளாவிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூதாட்டி மட்டும் முரட்டுப் பக்கத்தை விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு அப்பெண்ணிடம், "இதுக்கு எத்தன நாளாச்சு மக்களே?" என்று கேட்டார். அவர் சொன்ன கணக்கைக் கேட்டுத் தலையசைத்து, நம் பக்கம் திரும்பி, "கேட்டியளா அச்சோ, இந்த வெல காணாது" என்றார். கைப்பையில் இருந்ததை எண்ணி, ஒரு சிறு துண்டு மட்டும் கேட்ட விலைக்கே வாங்கினார். பேருந்தில் கீழிறங்கும்வரை அது அவர் மடியில் கிடந்தது, முரட்டுப் பக்கம் மேலாக.