சிறையிலிருந்து திரும்பும் தந்தை: ‘வக்த்’ திரைப்படமும் தொலைந்த ஆண்டுகளின் கணக்கும்

யஷ் சோப்ரா இயக்கி, அவருடைய அண்ணன் பி.ஆர். சோப்ரா தயாரித்து 1965இல் வெளிவந்த ‘வக்த்’ என்னும் இந்தித் திரைப்படத்தை, பிரிந்த சகோதரர்கள் மீண்டும் கூடும் கதைகளின் முன்மாதிரியாகவே திரைப்பட வரலாற்றாசிரியர்கள் குறிப்பிட்டு வருகின்றனர். அதற்கு முன்னரே, 1943இல் வந்த ‘கிஸ்மத்’ படத்தில், வீட்டைவிட்டு ஓடிய மகன் இறுதியில் குடும்பத்தோடு சேர்கிறான். எனினும் மூன்று சகோதரர்கள், மூன்று வளர்ப்பு, மூன்று வாழ்க்கை என்ற வடிவத்தை நிலைபெறச் செய்தது ‘வக்த்’தான். பின்னாளில் வந்த பல இந்திப் படங்கள் இந்த வடிவத்தைப் பின்பற்றின.

இப்படத்தைப் பற்றிய பெரும்பாலான வாசிப்புகள் அதில் வரும் நிலநடுக்கத்தை மையமாகக் கொண்டவை. ஒரே இரவில் செல்வமும் வீடும் உறவும் சிதறிப்போவது தேசப் பிரிவினையின் உருவகம் என்பது அவ்வாசிப்புகளின் சாரம். இதற்கு வலுவான பின்னணி உண்டு. யஷ் சோப்ரா 1932இல் லாகூரில் பிறந்தவர். பி.ஆர். சோப்ரா லாகூரில் திரைப்பட இதழாளராகப் பணியாற்றி, 1947இல் அந்நகரை விட்டு வந்தவர். பிரிவினைக் காலத்தையும் மதவெறியையும் நேரடியாகப் பேசிய ‘தர்மபுத்ர’ (1961) யஷ் சோப்ராவின் இரண்டாவது படம். அது வணிகரீதியில் தோல்வியுற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே துயரம் இயற்கைச் சீற்றத்தின் வேடம் பூண்டு வந்தது என்று கொள்வதில் தவறில்லை. 1935 மே 31ஆம் நாள் குவெட்டா நகரை அழித்த நிலநடுக்கமும் அத்தலைமுறையினரின் நினைவில் இருந்த ஒன்றே.

ஆயினும் இவ்வாசிப்பு கதையின் ஒரு முக்கியக் கண்ணியைக் கவனிக்கத் தவறுகிறது. அக்குடும்பத்தை நிலநடுக்கம் சிதறடித்தது உண்மை. ஆனால் சிதறியதைச் சிதறியபடியே ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்தது சிறைத்தண்டனை.

கதையின் தொடக்கத்தை நினைவுகூர்வோம். லாலா கேதார்நாத் செல்வந்த வணிகர். மூன்று ஆண்மக்களின் தந்தை. தம் உழைப்பின்மீதும் திட்டங்களின்மீதும் அளவற்ற நம்பிக்கை கொண்டவர். மனிதன் கையில் எதுவும் இல்லை என்று எச்சரிக்கும் சோதிடரின் சொல்லை அவர் பொருட்படுத்துவதில்லை. அன்றிரவே நிலம் நடுங்குகிறது. மனைவி லட்சுமி கைக்குழந்தையுடன் ஒருபுறமும், மற்ற இரு சிறுவர்கள் வெவ்வேறு திசைகளிலும் பிரிகின்றனர். தேடி அலையும் கேதார்நாத், மூத்த மகன் ஓர் அநாதை விடுதியில் சேர்க்கப்பட்டதை அறிந்து அங்கே போய்ச் சேர்கிறார். ஆனால் விடுதி நிர்வாகியின் கொடுமை தாளாமல் சிறுவன் அதற்குள் ஓடிவிட்டான். சினத்தில் நிர்வாகியைக் கொன்றுவிடும் தந்தை சிறைக்குச் செல்கிறார்.

இந்நிகழ்ச்சி வரிசையில் ஒன்று தெளிவு. பேரிடருக்குப் பின் தந்தை மகனை ஏறத்தாழ எட்டிவிட்டார். இடையில் நின்றவை இரண்டு நிறுவனங்கள். ஒன்று, குழந்தையைக் காக்க வேண்டிய விடுதி. மற்றொன்று, குற்றத்தைத் தண்டிக்க வேண்டிய சிறை. தந்தை எங்கே இருக்கிறார் என்பது அரசுக்கு ஒவ்வொரு நாளும் தெரியும். அவருடைய மனைவிக்கும் மக்களுக்கும் மட்டும் தெரியாது. சிறைப்பட்டவனின் குடும்பத்தைத் தேடிச் செய்தி சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. படத்தின் தலைப்பு ‘காலம்’ என்று பொருள்படுவது. அக்காலம் விதியின் காலம் என்று படம் சொல்லிக்கொண்டாலும், கதைக்குள் அதற்கு அளவு கொடுப்பது தண்டனைக் காலமே.

சோப்ரா நிறுவனத்தின் முந்தைய படமொன்று இதே கேள்வியை வெளிப்படையாக எழுப்பியது என்பது இங்குக் கருதத்தக்கது. பி.ஆர். சோப்ரா இயக்கிய ‘கானூன்’ (1960) பாடல்களே இல்லாத நீதிமன்றப் படம். அதன் தொடக்கத்தில் காளிதாஸ் என்ற மனிதன் நீதிபதியின் முன் நிறுத்தப்படுகிறான். எவனைக் கொன்றதாகக் கூறி அவனைப் பல ஆண்டுகள் சிறையில் அடைத்தார்களோ, அவன் உயிரோடு இருந்திருக்கிறான். விடுதலையாகி வந்த காளிதாஸ் இப்போது அவனை உண்மையிலேயே கொன்றுவிட்டான். தண்டனையை முன்கூட்டியே அனுபவித்துவிட்ட தன்னை மீண்டும் எப்படித் தண்டிப்பது என்றும், இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது என்றும் அவன் கேட்கிறான். நீதிமன்றத்திடம் பதில் இல்லை. காளிதாஸாக நடித்தவர் ஜீவன். ‘வக்த்’ படத்தில் அநாதை விடுதி நிர்வாகியாக வந்து கேதார்நாத்தின் கையால் மடிபவரும் அவரே.

கேதார்நாத்தாக நடித்த பல்ராஜ் சாஹ்னிக்குச் சிறை என்பது கதையில் மட்டும் அறிந்த இடம் அன்று. 1913இல் ராவல்பிண்டியில் பிறந்த அவர், இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முன்னணிக் கலைஞர். சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில், பொதுவுடைமை இயக்கத் தொடர்பினால் பம்பாயில் சிறைவைக்கப்பட்டார். அப்போது தயாரிப்பில் இருந்த ‘ஹல்சல்’ (1951) படப்பிடிப்பில் கலந்துகொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. கைதியாக இருந்துகொண்டே சிறை அதிகாரியின் வேடத்தில் நடித்துவிட்டு மீண்டும் சிறைக்குத் திரும்பிய அனுபவத்தைப் பின்னாளில் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். குழந்தைகளின் தந்தையாகவே அவர் சிறைக்குள் இருந்தார்.

‘வக்த்’துக்கு முன் அவர் ஏற்ற மற்றொரு வேடம் இதனோடு இணைத்துப் பார்க்கத்தக்கது. பிமல் ராய் தயாரித்து ஹேமன் குப்தா இயக்கிய ‘காபூலிவாலா’ (1961) படத்தில் ரஹ்மத்தாக நடித்தவர் சாஹ்னியே. ரவீந்திரநாத் தாகூர் 1892இல் எழுதிய அக்கதையில், கல்கத்தாவில் உலர்பழம் விற்கும் ஆப்கானியர், கடன் தகராறு ஒன்றில் ஒருவனைக் கத்தியால் குத்திவிட்டுச் சிறை செல்கிறார். விடுதலையாகும்போது, அவர் மகள்போல நேசித்த சிறுமி மினிக்குத் திருமண நாள். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தொலைவில் தம் சொந்த மகளும் இதேபோல் வளர்ந்திருப்பாள் என்பதை ரஹ்மத் அந்தக் கணத்தில்தான் உணர்கிறார். அவரிடம் இருப்பது அம்மகளின் கைச்சுவடு பதிந்த ஒரு காகிதம் மட்டும். சிறையில் இருப்பவனின் மனத்தில் குழந்தை வளர்வதில்லை என்ற உண்மையைச் சொன்ன கதை அது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே நடிகர், அதே இழப்பை மூன்று மடங்காகச் சுமந்து ‘வக்த்’தில் வருகிறார்.

மூன்று மடங்கு என்பது எண்ணிக்கை மட்டும் அன்று. தந்தை இல்லாத ஆண்டுகளில் மூன்று மகன்களும் மூன்று வர்க்கங்களைச் சேர்ந்தவர்களாகிவிட்டனர். மூத்தவன் ராஜா (ராஜ்குமார்), சினாய் சேட்டின் நிழலில் நேர்த்தியான திருடனாகிறான். நடுவில் பிறந்த ரவி (சுனில் தத்), வசதியான வீட்டில் வளர்ந்து வழக்கறிஞராகிறான். தாயுடன் வளர்ந்த கடைசி மகன் விஜய் (சசி கபூர்) படித்தவன். ஆனால் நோயுற்ற தாயின் மருத்துவச் செலவுக்காகக் கார் ஓட்டும் வேலைக்குப் போகிறான். பெற்ற தாயிடம் வளர்ந்த ஒருவனே மூவரிலும் வறியவன் என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பத் தலைவன் சிறைப்பட்டால் தாயும் பிள்ளையும் என்ன ஆவார்கள் என்பதைப் படம் இந்தக் கிளைக்கதையில் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது.

இறுதியில் மூவரும் ஒரே நீதிமன்றத்தில் கூடுகின்றனர். செய்யாத கொலைக்காகக் குற்றவாளிக் கூண்டில் ராஜா. அவனுக்காக வாதாடும் ரவி. பணத்தேவையால் பொய்ச்சாட்சி சொல்ல வந்து நிற்கும் விஜய். குடும்பத்தைப் பிரித்து வைத்த சட்டமே அதைச் சேர்த்தும் வைக்கிறது. 1951இல் ராஜ் கபூரின் ‘ஆவாரா’வில் தந்தை நீதிபதியாகவும் மகன் குற்றவாளியாகவும் எதிரெதிரே நின்றனர். பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தந்தை தண்டனை முடித்து வந்தவராகவும், மகன் சட்டத்தின் மொழியைப் பேசுபவனாகவும் மாறிவிட்டனர். நேரு காலத்தின் நம்பிக்கை ‘வக்த்’தில் இன்னும் மிச்சமிருந்தது, சட்டம் தவறினாலும் இறுதியில் நியாயம் செய்யும் என்பதே அது. ஆனால் தந்தை இழந்த ஆண்டுகளைப் பற்றி அந்நீதிமன்றமும் எதுவும் சொல்வதில்லை. காளிதாஸின் கேள்வி அப்படியே நிற்கிறது.

சிறை சென்ற பெற்றோர் தாயாக இருக்கும்போது திரைப்படம் வேறொரு வழியை மேற்கொள்கிறது. சக்தி சாமந்தாவின் ‘ஆராதனா’ (1969) இதற்குத் தக்க சான்று. தன்னைக் காக்க முயன்ற சிறுவயது மகனின் கையால் நேர்ந்த கொலையை வந்தனா தன்மேல் ஏற்றுக்கொண்டு சிறைக்குச் செல்கிறாள். விடுதலையான பின்னும் தான்தான் தாய் என்பதை மகனிடம் சொல்வதில்லை. இப்படம் தமிழில் ‘சிவகாமியின் செல்வன்’ (1974) என மறுவாக்கம் பெற்றது. தந்தையின் சிறைவாசம் தேடலாகிறது. தாயின் சிறைவாசம் மௌனமாகிறது. இந்த வேறுபாடு கதாசிரியர்களின் தனிப்பட்ட விருப்பத்தால் மட்டும் விளைந்தது அன்று. சிறைக்குச் சென்று வந்த பெண்ணை ஏற்றுக்கொள்ளத் தயங்கிய சமூகத்தின் பார்வை அதில் பதிந்துள்ளது.

மன்மோகன் தேசாயின் ‘அமர் அக்பர் அந்தோணி’ 1977 மே மாதம் வெளியானது. நெருக்கடிநிலை விலக்கப்பட்டு அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. மூன்று சகோதரர்கள் இந்து, முஸ்லிம், கிறித்தவர் என மூன்று மதங்களில் வளர்வதையும், தாய்க்கு ஒரே வேளையில் மூவரும் இரத்தம் கொடுப்பதையும் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். படம் தொடங்குவதோ தந்தை கிஷன்லால் சிறையிலிருந்து வெளியே வருவதிலிருந்துதான். முதலாளி ராபர்ட் செய்த கார் விபத்துக் கொலையை, அவனிடம் ஓட்டுநராக இருந்த கிஷன்லால் ஏற்றுக்கொண்டிருக்கிறார். குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி வாக்களித்திருந்தான். திரும்பி வந்து பார்த்தால் பிள்ளைகள் பசியில், மனைவிக்குக் காசநோய். மூன்று சிறுவர்கள் காந்தி சிலையின் அடியில் விடப்படுவதற்கு முதற்காரணம் இந்த ஒப்பந்தமே. வாக்கை மீறிய ராபர்ட்டாக நடித்தவரும் ஜீவன்தான்.

‘வக்த்’ படத்தில் தந்தை தம் குற்றத்துக்காகச் சிறை சென்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த படத்தில், ஏழை ஒருவர் பணக்காரனின் குற்றத்துக்காகச் சிறை செல்கிறார். சிறை விதியின் விளைவாக இருந்த நிலை மாறி, வர்க்கப் பேரத்தின் விளைவாகியிருக்கிறது. அப்பேரத்தில் ஏமாந்த கிஷன்லால் சட்டத்துக்கு வெளியே சென்று கடத்தல்காரராகிறார். இப்படமும் தமிழில் ‘சங்கர் சலீம் சைமன்’ (1978) ஆயிற்று. தெலுங்கிலும் மலையாளத்திலும் மறுவாக்கங்கள் வந்தன. மதங்களின் பெயரைத் தலைப்பில் தாங்கிய இக்கதை மொழி எல்லைகளைத் தாண்டியதில், சிறைசென்ற தந்தையின் கதையும் உடன் சென்றது.

இப்படங்கள் வந்த காலத்தின் சட்ட வரலாறு இவற்றுக்கு இணையாக ஓடுகிறது. சுதந்திர இந்தியாவின் சிறைகளை நெடுங்காலம் ஆண்டது 1894ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் சட்டம். தண்டனையின் நோக்கம் சீர்திருத்தமும் மறுவாழ்வும் என்று 1919-20ஆம் ஆண்டின் இந்தியச் சிறைகள் குழு கூறியிருந்தும், சட்டத்தின் அடிப்படை மாறவில்லை. தண்டனைக் குறைப்பு வழங்கப்படாவிடில் ஆயுள் தண்டனை என்பது எஞ்சிய வாழ்நாள் முழுவதும்தான் என 1961இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மரண தண்டனைக்குரிய குற்றங்களில் ஆயுள் தண்டனை பெற்றோர் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்ற விதி 1978இல் சேர்க்கப்பட்டது. மறுஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கு, தாம் பெறக்கூடிய தண்டனைக் காலத்தைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்த பீகார் மனிதர்களை நாட்டின் கண்முன் நிறுத்தியது. இன்றும் இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் விசாரணைக் கைதிகளே.

கைதிகளின் குழந்தைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது 2006இல், ஆர்.டி. உபாத்யாய் வழக்கில். சிறையிலுள்ள தாயுடன் ஆறு வயது வரை குழந்தை இருக்கலாம் என்றும், அக்குழந்தைக்கு உணவும் மருத்துவமும் கல்வியும் கிடைக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது. அது சிறைக்கு உள்ளே இருக்கும் குழந்தையைப் பற்றியது. வெளியே நிற்கும் குழந்தைக்கு, அதாவது ராஜாவுக்கும் ரவிக்கும் விஜய்க்கும், அத்தகைய விரிவான பாதுகாப்பு எதுவும் உருவாகவில்லை.

‘வக்த்’ படத்தின் சகோதரர்களைப் பிரிவினையின் குழந்தைகளாக வாசிப்பது சரியே; அவ்வாசிப்பைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அவர்களைத் தண்டனை பெற்ற ஒருவரின் குழந்தைகளாகவும் வாசிக்கும்போது, அப்படம் 1947ஐ மட்டும் பேசும் படமாக இருப்பதில்லை. பிரிவினை ஒருமுறை நிகழ்ந்தது. தந்தையையோ தாயையோ சிறைக்கு அனுப்பிவிட்டு, உடன்பிறந்தோர் வேறு வேறு வீடுகளில் வளரும் குடும்பங்கள் இன்றும் இந்தியாவில் ஒவ்வொரு நாளும் உருவாகின்றன. திரைப்படம் அவர்களுக்கு ஒரு நீதிமன்றக் காட்சியையும் மறுகூடலையும் அளித்தது. சட்ட வரலாறும் சமூக அறிவியலும் அவர்களை எண்ணிப் பார்க்கும் வேலையைக்கூட இன்னும் முழுமையாகத் தொடங்கவில்லை.