ஆலைத் தொழிலாளரின் அலைகடற் பயணம்

இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசவைகளையும் ஆலயங்களையும் நாடக அரங்குகளையுமே நாடிச் செல்வர். பகல் முழுவதும் தறியோடும் நிலக்கரியோடும் போராடிவிட்டு, இரவிலே விளக்கடியில் அமர்ந்து இசை பயின்ற தொழிலாளரை அவர்கள் அத்துணை நாடுவதில்லை. ஆயினும், வட இங்கிலாந்தின் ஆலையூர்களில் இத்தகையோரே ஒரு தனி இசைக் கலையை வளர்த்தனர். பித்தளை ஊதுகருவிகளைக் கொண்ட பாண்ட் வாத்தியமே அது. அவ்வாத்தியக் குழுக்களுள் ஒன்று 1906ஆம் ஆண்டில் கடல் கடந்து உலகைச் சுற்றியது. அது கொண்டு சென்றது யாது, அதனால் விளைந்தது யாது என்பன அறியத் தக்கவை.

இக்கலை தொழிலாளர் கைக்கு வந்த வழியை முதலிற் காண்போம். பழைய எக்காளம் இயல்பாக எழும் சில சுரங்களை மட்டுமே ஒலிக்க வல்லது. 1818ஆம் ஆண்டில் ஸ்ரோல்ட்செல், புளூமெல் என்னும் செர்மானியர் இருவர், விரலால் அழுத்தி இயக்கும் வால்வுக்கு உரிமம் பெற்றனர். அதனாற் பித்தளைக் கருவி எல்லாச் சுரங்களையும் பேசலாயிற்று. 1840களில் பாரிசு நகரிலே தொழில் நடத்திய பெல்சியரான அடோல்ப் சக்ஸ், உயர்ந்த குரல் முதல் ஆழ்ந்த குரல் வரை ஒரே அமைப்புடைய கருவிக் குடும்பம் ஒன்றை உருவாக்கினார். மூன்று வால்வுகள், மூன்று விரல்கள். உழைத்துக் காய்த்த கைக்கும் இவை இணங்கின. ஒரு கருவியிற் பழகிய விரல்முறை அக்குடும்பத்தின் மற்றைக் கருவிக்கும் பொருந்தியது. எனவே, குழுவில் ஒருவர் நோயுற்றாலும் ஊரை விட்டகன்றாலும், வேறொருவர் அவரிடத்தை விரைவில் நிரப்ப இயன்றது.

காலமும் துணை நின்றது. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணிக்கு முடித்துவிட வழிசெய்தது. அவர்களின்றி ஆலை ஓடாதாகையால், பல இடங்களில் ஆடவருக்கும் அந்த ஓய்வு கிடைத்தது. மலிவான புகைவண்டிப் பயணம் ஊர்களை இணைத்தது. 1853ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டர் நகரின் பெல் வியூ பூங்காவில் வாத்தியப் போட்டி தொடங்கிற்று. முதற் பரிசைப் பெற்றது, மொஸ்லி என்னும் சிற்றூரின் மதுவிலக்குக் குழு. அன்று முதல் போட்டியே இக்கலையின் பள்ளிக்கூடமாயிற்று. அதன் நடுவர்கள், வாசிப்போரைக் காண இயலாதவாறு மூடப்பட்ட அறையினுள்ளே அமர்ந்து தீர்ப்பளிப்பது வழக்கமாயிற்று. ஊரின் பெயரும் ஆளின் பெருமையும் அங்கே செல்லுபடியாகா. ஒலி ஒன்றே சான்று.

மாஞ்செஸ்டருக்கும் பெரி நகருக்கும் இடையே பெசஸ்-ஓ-த்-பார்ன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் குழு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தோன்றியது. அலெக்சாந்தர் ஓவென் என்பார் அதனைப் பயிற்றுவித்தார். இசைநாடகங்களிலிருந்து பகுதிகளைத் தெரிந்து, பித்தளைக் கருவிகளுக்கேற்ப அமைப்பதில் அவர் வல்லவர். பெரிய இசைநாடக அரங்கினுள் ஒருபோதும் கால் வைத்திராத மக்கள், அவ்விசையை ஊர்ப் பூங்காவிலே கேட்டு மகிழ்ந்தனர். 1903ஆம் ஆண்டில், இலண்டனின் கிறிஸ்டல் பலஸ் மண்டபத்தில் நடந்த தேசியப் போட்டியில் பெசஸ் குழு வெற்றி பெற்றது. அப்போட்டியை 1900ஆம் ஆண்டில் நிறுவிய யோன் ஹென்றி ஐல்ஸ் என்பவரே, அக்குழுவை வெளிநாடுகளுக்கு அனுப்பும் முயற்சியிலும் முன்னின்றார்.

1906ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் புறப்பட்ட குழு, 1907ஆம் ஆண்டின் இறுதியிலேதான் தாயகம் மீண்டது. வட அமெரிக்காவிலே வாசித்துப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து, அவுஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் அடைந்தது. யோர்க்சயரின் பிளக் டைக் ஆலைக் குழுவும் அதே 1906ஆம் ஆண்டிற் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் சுற்றுப்பயணம் செய்தது. பெசஸ் குழுவோ அத்துடன் அமையாது, 1909இல் இரண்டாம் முறையும் நெடும்பயணம் மேற்கொண்டது.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு! செல்வர்க்கு அது உல்லாசப் பயணமாகலாம். வாரக்கூலியால் வாழ்வோர்க்கு அதன் பொருள் வேறு. வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலி இல்லை. அத்துணைக் காலம் விட்டகன்ற வேலை, மீண்டு வரும்போது காத்திருக்கும் என்பதும் இல்லை. மனைவி மக்களைப் பிரிந்திருத்தல் வேண்டும். பயணத்தின் இயல்பும் கடிது. ஊதுகருவியாளரின் முதல் உதடு. அது நாள்தோறும் உழைத்தால் தளரும். வீட்டிலே வாரத்திற் சில இரவுகள் வாசித்தவர்கள், பயணத்திலே கட்டணம் செலுத்தி வந்த மக்கள்முன் இடைவிடாது வாசிக்க நேர்ந்தது.

இங்கே ஒரு வினா எழும். கலையின்மீது கொண்ட பற்றினால் மட்டுமே வாசித்தவர்கள், இவ்வாறு சுற்றத் தொடங்கியபின் தொழில்முறைக் கலைஞராக மாறிவிட்டனர் அல்லரோ? இவ்வினாவுக்கு வரலாறு இரு விடைகளைத் தருகின்றது. தேசியப் போட்டியில் ஐந்து முறை வென்ற சென்ட் ஹில்டா நிலக்கரிச் சுரங்கக் குழு, 1920களில் முழுநேரத் தொழிற் குழுவாக மாறியது. 1937ஆம் ஆண்டிற் கலைந்து மறைந்தது. பெசஸ் குழுவோ பயணம் முடிந்ததும் தன் ஊருக்கே மீண்டது. அவ்வூரின் குழுவாகவே இன்றும் வாழ்கின்றது. மண்ணில் வேரூன்றிய மரமே கோடையைத் தாங்கும்.

பயணத்தின் பெரும்பயன் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விளைந்தது. அங்கே வாத்தியக் குழுக்கள் முன்னரே இருந்தன. சுரங்கத் தொழிலை நாடிக் குடியேறிய இங்கிலாந்து மக்கள் அக்கலையையும் உடன்கொண்டு சென்றிருந்தனர். பொன் விளைந்த பல்லராற் நகரில் 1900ஆம் ஆண்டு முதலே வாத்தியப் போட்டிகள் நடைபெற்றன. எனினும், தாயகத்தின் தலைசிறந்த குழுவை நேரிற் கேட்கும் வாய்ப்பு அம்மக்களுக்கு அதுவரை கிட்டியதில்லை. இசைத்தட்டின் குரல் மெலிந்திருந்த காலம் அது, வானொலியோ பிறக்கவில்லை. அச்சிட்ட இசைத்தாள் சுரத்தைக் கற்பிக்கும். குரலின் இனிமையையும் குழுவின் ஒருமையையும் அது கற்பிக்காது. அவற்றைச் செவிவழியே பெறுதல் வேண்டும். இரு பயணங்களும் அக்கல்வியை அவர்களுக்கு வழங்கின.

அக்கல்வியின் பயனை உலகம் 1924ஆம் ஆண்டிற் கண்டது. அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகரிலே, 1915ஆம் ஆண்டிற்றான் உருக்கு ஆலையொன்று திறக்கப்பட்டிருந்தது. அவ்வாலையின் வாத்தியக் குழு, ஆல்பேட் பெயில் என்பவரின் தலைமையில் இங்கிலாந்து சென்றது. கடல் கடந்து சென்று, இக்கலையின் தாய்வீடாகிய பெல் வியூவிலே போட்டிக்கு நின்றது. நடுவர்கள் வழக்கம்போல் மூடிய அறையினுள் இருந்தனர். முன்னே வாசிப்பவர் லங்காசயர் நெசவாளரா, தென்கடல் நாட்டு உருக்காலைத் தொழிலாளரா என்பதை அவர்கள் கண்ணாற் காண இயலாது. முதற் பரிசு நியூகாசில் குழுவுக்கே வழங்கப்பட்டது. 1953ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் தேசிய வாத்தியக் குழு அதே போட்டியிற் கலந்து, அதே பரிசை வென்றது.

ஆசான் வீட்டு முற்றத்திலே சீடன் வென்றான். இதனை ஆசானின் தோல்வியென்று கருதுவது பொருந்தாது. கற்பித்த வித்தை முழுமையாகச் சென்று சேர்ந்தது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

இக்குழுக்களுக்கெனவே புதிதாக இயற்றப்பட்ட பெரும் போட்டி இசை, 1913ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தேசியப் போட்டியில் ஒலித்தது. பேர்சி பிளெச்சர் இயற்றிய அதன் பெயர் 'உழைப்பும் அன்பும்' என்று பொருள்படும். பெசஸ் குழுவினரின் வாழ்வையும் அவ்விரு சொற்களில் அடக்கிவிடலாம். உழைப்பு அவர்களுக்கு உணவளித்தது. அன்பு அவர்களைக் கடல் கடக்கச் செய்தது. பெல் வியூப் பூங்கா பின்னர் மூடப்பட்டது. கிறிஸ்டல் பலஸ் மண்டபம் 1936ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. நியூகாசில் உருக்கு ஆலையும் 1999ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திற்று. கல்லாலும் இரும்பாலும் எழுப்பியவை அழிந்தன. ஒருவர் வாசிக்க மற்றொருவர் கேட்டுப் பயின்ற கலையோ, இரு கரைகளிலும் இன்னும் ஒலிக்கின்றது.